மீன் வாடைக்கு டெட்டோல் மருந்தல்ல

உப்புவெளியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 32, இரண்டு பிள்ளைகள். "ஒரு வருசமாக வெள்ளைபடுகிறது, மீன் வாடையும் வருகிறது. மாதவிடாய் முடிந்ததும், கணவரோடு சேர்ந்த பிறகும் கூடுகிறது. டெட்டோல் கலந்து உள்ளே கழுவியும் போகவில்லை. பஸ்ஸில் யாருக்கும் பக்கத்தில் இருப்பதில்லை. கோணேசர் கோயிலுக்குப் போய் மாதக்கணக்காகிறது. என் சுத்தத்தில்தான் குறையா?"

இல்லை, சகோதரி. முதலில் டெட்டோலை நிறுத்துங்கள்.

பெண்ணுறுப்புக்குள் லாக்டோபசிலஸ் என்ற பக்டீரியாக்கள் அமிலம் சுரந்து காவல் காக்கின்றன. தயிரைப் புளிக்க வைக்கிறவற்றின் இனம்தான். அவை குறைந்து வேறு பக்டீரியாக்கள் பெருகினால், சாம்பல் நிறத்தில் தண்ணீர்போலப் படும், வாடை வரும். விந்தும் மாதவிடாய் இரத்தமும் அமிலத்தைத் தணிப்பதால் அப்போது கூடுகிறது. இதற்குப் பெயர் பக்டீரியல் வஜினோசிஸ். உலகில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் 100க்கு 23 முதல் 29 பேருக்கு இது இருக்கிறது. டெட்டோல் மிஞ்சியிருக்கும் காவலையும் அழித்துவிடும். வெளிப்புறத்தை மட்டும் வெறும் தண்ணீரால் கழுவினால் போதும்.

பஸ்ஸைப் பற்றி எழுதியதை வாசித்தபோது மனம் கனத்தது. ஒரு நாளில் நான்கு தடவை உள்ளாடை மாற்றுகிறவர்களும், கணவருக்கு முதுகு காட்டிப் படுக்கிறவர்களும் என்னிடம் வருகிறார்கள். எல்லோருமே தங்களைத்தான் குற்றம் சொல்கிறார்கள்.

சரி, மருந்து? சோதித்த பிறகுதான். தயிர்க்கட்டிபோலப் பட்டு அரித்தால் அது பூஞ்சணம், அதற்கு மருந்து வேறு. பார்மசியில் கேட்டு வாங்கிப் பூச வேண்டாம். உங்கள் பகுதி மிட்வைஃபிடம் சொன்னால் வழிகாட்டுவார். அரச வைத்தியசாலை கிளினிக்கில் கட்டணமில்லை. வழக்கமாக மெட்ரோனிடசோல் குளிசை 7 நாளுக்குத் தருவோம். வாயில் உலோகச் சுவை தட்டும், குமட்டும். அதற்காக இடையில் விடாதீர்கள்.

பாதிப் பேருக்கு மேல் ஒரு வருசத்துக்குள் திரும்பி வருகிறது. 2025இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வில், பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது 12 வாரத்தில் 100க்கு 63 பேருக்குத் திரும்பியது. துணைவருக்கும் குளிசையும் கிரீமும் கொடுத்தபோது 35 பேருக்குத்தான். ஆகவே கணவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். இதை வைத்து அவர் உங்களையோ நீங்கள் அவரையோ சந்தேகிக்க வேண்டாம்.

கர்ப்பமாக இருந்தால் தாமதிக்காதீர்கள், குறைமாதப் பிரசவத்துக்கு இது வழிவிடலாம். அடிவயிற்று வலியோ காய்ச்சலோ இருந்தால் அன்றைக்கே போங்கள். போவதற்கு முந்திய இரண்டு நாள் உள்ளே எதுவும் ஊற்ற வேண்டாம். அங்கே "வெள்ளைபடுது" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள்.