காஜா எடுக்க வேண்டியதுதான் பாக்கி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். ஊர்க்கதைகளும் புத்தகங்களும் பேசுகிற உங்களிடம் வீடியோ கேம் பற்றிக் கேட்கலாமா என்று தயங்கினேன். நீங்களும் ஒரு காலத்தில் பாளையங்கோட்டை பிரவுசிங் சென்டர்களில் கார் ஓட்டியவர்தான் என்று எழுதியிருந்ததால் துணிந்து கேட்கிறேன்.

நானும் கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் என் நண்பனும் 'டெஸ்ட் டிரைவ் அன்லிமிடெட் சோலார் கிரவுன்' என்ற கார்ப் பந்தய விளையாட்டுக்காக நான்கு ஆண்டுகள் காத்திருந்தோம். 2020இல் அறிவித்தார்கள். ஹாங்காங் தீவு முழுவதையும் உள்ள அளவிலேயே கட்டி, அதில் இஷ்டம்போல ஓட்டலாம் என்றார்கள். பாபநாசம் மலைச்சாலையைத் தாண்டி வண்டி ஓட்டியிராத எங்களுக்கு அது எப்பேர்ப்பட்ட ஆசை என்று உங்களுக்குத் தெரியும். 2022 செப்டம்பர் 22 என்று தேதி சொன்னார்கள். பிறகு 2023 என்றார்கள், அப்புறம் 2024 என்றார்கள். கடைசியில் 2024 செப்டம்பர் 12 அன்று வந்தது.

இடையில் ஒருமுறை தேதி தள்ளிப்போனபோது, நிறுவனத்தின் சார்பில் ரசிகர்களுக்குப் பதில் சொல்லும் ஊழியர் ஒருவரை என் நண்பன் மிகவும் கேவலமாகத் திட்டி எழுதினான். நான் கண்டித்தேன். “நீ கம்பெனிக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறாய், காத்திருந்தவனுக்குத்தான் வலி தெரியும்” என்றான். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. இப்போதும் இரவு பத்து மணிக்கு மேல் அவன் அந்த விளையாட்டுக்குள் இருப்பது என் நண்பர்கள் பட்டியலில் தெரிகிறது. நான் பேசாமல் கடந்துபோகிறேன். “ஒரு விளையாட்டுக்காகவா இவ்வளவு?” என்று என் அப்பா கேட்கிறார். அவன் கோபப்பட்டது தவறா, நான் கண்டித்தது தவறா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தம்பி,

தயக்கமே வேண்டாம். 2005இல் வெளிவந்த 'நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட்' விளையாட்டில், வெள்ளியும் நீலமுமான அந்த பிஎம்டபிள்யூ எம்3 ஜிடிஆர் காரை ஓட்டிக்கொண்டு, பின்னால் வரும் போலீஸ் வண்டிகளுக்குத் தப்ப உடம்பை நாற்காலியோடு சேர்த்து வளைத்தவர்களில் நானும் ஒருவன். அந்த நாட்களைப் பற்றி இப்போது யோசிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. அன்று எந்த விளையாட்டும் எங்களுக்குத் தாமதமாக வந்ததே இல்லை. எப்போது வருவதாக இருந்தது என்பதே எங்களுக்குத் தெரியாது. சென்டர்காரர் ஒருநாள் ஒரு சிடியை எங்கிருந்தோ வாங்கிவந்து போடுவார், அன்றுதான் எங்களுக்கு வெளியீடு. உங்களுக்கும் உங்கள் நண்பருக்கும் நான்கு ஆண்டுகளாக நடந்தது வெறும் காத்திருப்பு அன்று. ஒரு தேதியைக் கையில் கொடுத்து, அதைப் பிடுங்கி, வேறொரு தேதியைக் கொடுத்து, அதையும் பிடுங்கினார்கள். ஆகவே, அவர் கோபப்பட்டது தவறா என்ற கேள்விக்கு, இல்லை என்பதே என் பதில். ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர்ந்த இடம் வேறு. அதைச் சொல்ல, திருநெல்வேலி டவுனில் வடக்கு ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த தையல் கடைக்கு உங்களை அழைத்துப்போக வேண்டும்.

எனக்கு அப்போது பதினொரு வயது. புரட்டாசியிலேயே துணி எடுத்து, அளவும் கொடுத்து, பாதிக் கூலியை முன்பணமாகவும் என் அப்பா கொடுத்திருந்தார். தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னதாக வாங்கிக்கொள்ளலாம் என்று தையல்காரர் சொன்னார். அந்த நாள் போனபோது மறுநாள் என்றார், மறுநாள் போனபோது “தைத்தாயிற்று அண்ணாச்சி, காஜா எடுக்க வேண்டியதுதான் பாக்கி” என்றார். தீபாவளிக்கு முந்தின இரவு பத்து மணிக்கு நாங்கள் போய் நின்றபோது தையல்காரர் கடையில் இல்லை, சாப்பிடப் போயிருந்தார். கல்லாவுக்குப் பின்னால், இடுப்புயரத்துக்குக் குவிந்துகிடந்த சட்டைகளுக்கு நடுவே, என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்த ஒரு காஜாப் பையன் உட்கார்ந்து, பொத்தான் துளையைச் சுற்றி நூலைக் கோத்துக் கோத்து இழுத்துக்கொண்டிருந்தான். ஊசி ஏறிய விரலில் ஒரு துணிக்கிழிசலைச் சுற்றியிருந்தான். என் அப்பா தெருவே திரும்பிப் பார்க்கும்படி அவனைத்தான் திட்டினார். அவன் தலை நிமிரவில்லை. திட்டு முடிவதற்குள் இன்னும் ஒரு துளையை முடித்துவிட்டான் என்பது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

தையல்காரர் ஏன் பொய்த் தேதி சொன்னார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. “கார்த்திகைக்குத்தான் முடியும்” என்று உண்மையைச் சொல்லியிருந்தால் என் அப்பா துணியை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போயிருப்பார். தேதி என்பது வேலை எப்போது முடியும் என்ற கணக்கு மட்டுமன்று, முன்பணத்தை வாங்குவதற்கான வாசகமும்கூட. விளையாட்டு நிறுவனங்கள் டிரெய்லரின் கடைசியில் கறுப்புத் திரையில் ஒளிரவிடும் தேதியும் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்ததே. முன்பதிவுப் பொத்தான் அதற்குக் கீழேதான் இருக்கிறது.

இதனால் தாமதமெல்லாம் வியாபாரத் தந்திரம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கார் விளையாட்டில் காஜா எடுக்கும் வேலை மெய்யாகவே கடினமானது. திரையில் நொடிக்கு 60 படங்கள் மாற வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி. அதற்குள் ஒவ்வொரு காரின் நான்கு டயர்களும் சாலையை எவ்வளவு பற்றுகின்றன, எவ்வளவு வழுக்குகின்றன என்று கணக்கிட்டு, முன்னால் தெரியும் சாலையை வரைந்து, பின்பார்க்கும் கண்ணாடிக்குள் தெரிய வேண்டிய இன்னொரு சாலையையும் தனியாக வரைந்தாக வேண்டும். ஒரே ஒரு கார் வெயிலில் ஓடும்போது எல்லாம் சரியாக இருக்கும். பதினாறு கார்கள் மழையில் முதல் வளைவில் நெருங்கும்போது நேரம் போதாமல் படம் திக்கும். தனித்தனியாகச் சரியாக இருந்த கையும் காலரும் சட்டையாகச் சேர்ந்த பிறகு இழுத்துப் பிடிப்பதைப் போன்ற தொந்தரவு இது. கடைசி மாதங்களில்தான் தெரியவரும், அதற்குள் தேதி ஊருக்கெல்லாம் சொல்லப்பட்டிருக்கும்.

ரசிகர்களில் இன்னொரு கூட்டம் உண்டு. தேதி தள்ளிப்போன செய்தி வந்த மறுநிமிடமே, மெதுவாக வரட்டும், நன்றாக வரட்டும் என்று ஆசீர்வாதம் செய்யத் தொடங்கிவிடுவார்கள். உங்களுக்கும் கொஞ்சம் அந்தச் சாயல் உண்டோ என்று கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது. எனக்கு அவர்களிடம் முழு உடன்பாடு இல்லை. நாள் கடந்தால் பண்டம் நன்றாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. 'கிரான் டூரிஸ்மோ 5' என்ற கார்ப் பந்தய விளையாட்டு 2010 நவம்பர் 2 அன்று வருவதாக இருந்து, அக்டோபரில் தள்ளிவைக்கப்பட்டு, நவம்பர் 24 அன்று வந்தது. அந்த மூன்று வாரம் பெரிதல்ல, அதற்கு முன்பே ரசிகர்கள் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2007 டிசம்பரிலேயே ஜப்பானில் அதன் முன்னோட்டப் பதிப்பு ஒன்று விற்பனைக்கு வந்திருந்தது. ஒரு காரை நுணுக்கமாகச் செதுக்க ஆறு மாதம் ஆகிறது என்று அதை உருவாக்கிய கசுனோரி யமவுச்சியின் தரப்பு விளக்கியது. கடைசியில் வந்த ஆயிரத்துச் சொச்சம் கார்களில் அப்படிச் செதுக்கப்பட்டவை ஏறக்குறைய 200தான். மீதி 800 கார்கள் பழைய விளையாட்டுகளிலிருந்து எடுத்துப் போட்டவை. கதவைத் திறந்து உள்ளே பார்க்க முடியாத ஒப்புக்குச் சப்பாணிகள். ஆனாலும் அது ஒரு கோடிப் பிரதிகளுக்குமேல் விற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

'டிரைவ்கிளப்' கதை இதைவிடச் சங்கடமானது. 2013 பிப்ரவரியில் சோனியின் விளையாட்டுக் கருவியான ப்ளேஸ்டேஷன் 4 அறிமுகமான மேடையிலேயே காட்டப்பட்டு, அந்தக் கன்சோலுடன் சேர்ந்தே வருவதாக இருந்த விளையாட்டு, ஏறக்குறைய ஓராண்டு தள்ளி 2014 அக்டோபரில் வந்தது. வந்த அன்றே சர்வர்கள் திணறின. நண்பர்களோடு கூடி ஓட்டுவதற்காகவே கிளப் என்று பெயர் வைத்த விளையாட்டில் நண்பர்களோடு கூட முடியவில்லை. ப்ளேஸ்டேஷன் சேவைக்குச் சந்தா கட்டியவர்களுக்கு இலவசமாகத் தருவதாகச் சொன்ன பதிப்பு 2015 ஜூனில்தான் வந்தது. 2016 மார்ச்சில் அதை உருவாக்கிய எவல்யூஷன் ஸ்டுடியோஸையே சோனி மூடிவிட்டது. இத்தனைக்கும் நடுவில், 2014 டிசம்பரில் அவர்கள் அந்த விளையாட்டுக்குள் மழையைக் கொண்டுவந்தார்கள். கார் திரும்பும் பக்கத்துக்கு ஏற்ப முன்கண்ணாடியில் துளிகள் சரிந்து ஓடும் அந்த மழையை, குற்றாலச் சாரலில் பேருந்தின் முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தவர்கள் பார்த்தால் சும்மா இருக்க மாட்டார்கள். அதைவிட நல்ல மழையை நான் எந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை. அதை வரைந்தவர்களுக்கும் அதே நாட்களில் ஏச்சு விழுந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

இங்கேதான் உங்கள் நண்பருடன் நான் மாறுபடுகிறேன். கார் விளையாட்டு அல்ல என்றாலும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2020 அக்டோபரில் 'சைபர்பங்க் 2077' என்ற விளையாட்டு நவம்பர் 19இலிருந்து டிசம்பர் 10க்குத் தள்ளிவைக்கப்பட்டபோது, அதை உருவாக்கிக்கொண்டிருந்தவர்களுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அந்த ஊழியர்களில் பலருக்கோ, தேதி மாறிய செய்தி வெளியுலகத்துக்குத் தெரிந்த அதே நேரத்தில்தான் தெரிந்தது. தேதி சொன்னவரும் முன்பணம் வாங்கியவரும் சாப்பிடப் போய்விட்டார்கள். கடையில் இருந்தது காஜாப் பையன். உங்கள் நண்பர் யாரைத் திட்டினாரோ அந்த ஊழியர், கம்பெனியின் வாயாக உட்காரவைக்கப்பட்டிருக்கிறாரே தவிர, கம்பெனியின் தலையில் அவருக்கு இடமில்லை. அவரைத் திட்டியதற்காக நண்பரைக் கண்டித்த நீங்கள் சரியானதைத்தான் செய்தீர்கள். ஆனால் கோபமே கூடாது என்ற தொனியில் கண்டித்திருந்தால், நண்பர் உங்களைக் கம்பெனிக்காரனுக்கு வக்காலத்து வாங்குபவராகப் பார்த்ததையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

கோபத்தைச் செலுத்த வேறு வழிகள் இருக்கின்றன, அவை சத்தமில்லாதவை. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் முன்பதிவு செய்த விளையாட்டை வெளியீட்டுக்கு முன்பு எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். வெளிவந்த பிறகும் 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல் இருந்தால் பணம் கேட்கலாம். முன்பணமே கொடுக்காமல் இருப்பது இன்னும் நல்லது. துணியை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகும் வாடிக்கையாளருக்குத்தான் என் அப்பாவின் தையல்காரர் பயந்தார், தெருவில் கத்துகிறவருக்கு அல்ல. பத்து ஆண்டுகளாகத் தீபாவளிதோறும் கத்திவிட்டு, அடுத்த புரட்டாசியில் அதே கடையில் அளவு கொடுத்தவர் என் அப்பா.

உங்கள் நண்பரிடம் எடுத்துச்சொல்ல இன்னொன்றும் உண்டு. வரும் தேதியைப் பற்றி இவ்வளவு கொதிக்கிற நாம், போகும் தேதியைப் பற்றி ஏன் கேட்பதில்லை? 'தி க்ரூ' என்ற பந்தய விளையாட்டு 2014 நவம்பர் 11இலிருந்து டிசம்பர் 2க்குத் தள்ளிப்போனது. அந்த மூன்று வாரத்துக்கு அன்று எழுந்த கூச்சல் இன்று யாருக்கும் நினைவில்லை. 2024 மார்ச் 31 அன்று, அதை வெளியிட்ட யுபிசாஃப்ட் நிறுவனம் அதன் சர்வர்களை நிறுத்தியது. எப்போதும் இணையத்தோடு இணைந்தே இயங்கும் விளையாட்டு அது என்பதால், காசு கொடுத்து வாங்கியவர்கள் தனியாகக்கூட அதை ஓட்ட முடியாமல் போயிற்று. சட்டை தாமதமாக வந்ததற்கு ஏசினோம். பத்து ஆண்டுகள் கழித்துத் தையல்காரர் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து சட்டையை எடுத்துக்கொண்டு போனார். இதை எதிர்த்து ஐரோப்பாவில் கையெழுத்து இயக்கமே நடந்தது, அதுதான் நியாயமான கோபம் என்பது என் கருத்து. நீங்கள் இருவரும் இரவில் ஓட்டும் சோலார் கிரவுனும் இணைய இணைப்பு இல்லாமல் ஓடாத விளையாட்டாகத்தான் வெளிவந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

உங்கள் அப்பாவின் கேள்விக்கு, ஒரு விளையாட்டுக்காகத்தான், இவ்வளவுதான் என்று சொல்லிவிடுங்கள். நெல்லையப்பர் தேர் ரத வீதித் திருப்பத்தில் நின்றுவிட்டால் அவரும் வடத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்று முணுமுணுத்தவராகத்தான் இருப்பார்.

தீபாவளிக்கு முந்தின அந்த இரவு பதினொன்றரைக்கு என் சட்டை கைக்கு வந்தது. மேலிருந்து மூன்றாவது பொத்தானை அந்தக் காஜாப் பையன் தைத்திருந்தான், ஆனால் அதற்கான துளையை வெட்ட மறந்திருந்தான். அம்மா பிளேடால் கீறிக் கொடுத்தாள். அந்தச் சட்டையை அதற்குமேல் தோளில் ஏறாது என்னும்வரை நான் போட்டுக்கொண்டேன்.

உங்கள் நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். டெஸ்ட் டிரைவ் அன்லிமிடெட் வரிசையில் 2006இல் வந்த விளையாட்டில், ஹவாயின் ஓவாகு தீவில் எதிரே வரும் முன்பின் தெரியாத ஆளைப் பந்தயத்துக்கு அழைக்க, முன்விளக்கை மின்னவிட்டால் போதும். இரவு பத்து மணிக்கு மேல் ஹாங்காங்கில் அவர் பெயரைப் பார்த்துப் பேசாமல் கடந்துபோவதாக எழுதியிருக்கிறீர்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து கல்லிடைக்குறிச்சிக்கு ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் போதும், வண்டியில் பத்து நிமிடம்கூட ஆகாது. இந்த ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள். எந்த நேரத்துக்கு வருவீர்கள் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டாம்.

அன்புடன்,
அண்ணாச்சி