சுண்டெலிக்குக் குணமானால் என் மகனுக்கும் குணமாகுமா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. ஐந்து மாதங்களுக்கு முன் டைப் 1 சர்க்கரை நோய் என்று சொன்னார்கள். தினமும் நான்கு வேளை இன்சுலின் போடுகிறோம். 'சுண்டெலிகளுக்குச் சர்க்கரை நோய் முழுமையாகக் குணமானது' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. உறவினர் ஒருவர் மூலிகைப் பொடி ஒன்றை வாங்கித் தந்து, 'எலிகளில் நிரூபித்தது' என்று ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் ஜெராக்ஸையும் கொடுத்தார். பொடி கொடுத்த பத்து நாளில் சர்க்கரை இறங்கிவிட்டது. இரண்டு தடவை 60-க்கும் கீழே போனது. இன்சுலினைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிடலாமா? பையன் வேறு, 'அந்த எலிக்கும் தினமும் ஊசி போடுவாங்களாம்மா?' என்று கேட்கிறான். என்ன சொல்வது?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: இன்றைக்குச் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்சுலினை நிறுத்தாதீர்கள். நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம். ஆனால் 60-க்குக் கீழே இரண்டு முறை போயிருப்பதால், இன்றே உங்கள் மருத்துவரிடம் போனில் சொல்லுங்கள். அளவை அவர் மாற்றித் தருவார். அதற்குள் மறுபடி இறங்கினால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மூலிகைப் பொடியை நிறுத்திவிடுங்கள். பாக்கெட்டை மட்டும் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மூலிகை என்று விற்கும் பொடிகளில் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையைக் கலந்திருப்பது பல முறை பிடிபட்டிருக்கிறது.

சர்க்கரை இறங்கியது பொடியால்தான் என்று உங்களுக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் காலக்கணக்கைப் பாருங்கள், அம்மா. நோய் தெரிந்து ஐந்து மாதம் ஆகிறது. இன்சுலின் போட ஆரம்பித்ததும், கணையத்தில் மிச்சமிருக்கும், இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது. அவை மறுபடி சுரக்கத் தொடங்குகின்றன. சில மாதங்களுக்கு இன்சுலின் தேவை குறையும். மருத்துவர்கள் இதைத் 'தேனிலவுக் காலம்' என்பார்கள். பொடி தராத பிள்ளைகளுக்கும் இது வருகிறது, பிறகு போய்விடுகிறது. இந்தச் சமயத்தில் யார் எதைக் கொடுத்தாலும் அதுதான் குணப்படுத்தியது போலத் தெரியும். இதை நம்பி இன்சுலினை அடியோடு நிறுத்திவிட்டு, வாந்தியும் வயிற்று வலியும் மேல்மூச்சு கீழ்மூச்சுமாக, வாயில் பழ வாடையோடு தூக்கிவரப்பட்ட குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி அந்த நிலைக்கு வர ஓரிரு நாள் போதும்.

சரி, எலிக்கு வருகிறேன். எம்.டி. படித்த காலத்தில் சில மாதங்கள் ஓர் ஆய்வகத்தில் சுண்டெலிகளோடு இருந்தேன். ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிராம்தான், கையில் எடுத்தால் கனமே தெரியாது. ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தை வயிற்றில் ஊசியாகப் போடுவோம். அது பீட்டா செல்களுக்குள் புகுந்து அவற்றைக் கொன்றுவிடும். சாகும் செல்களிலிருந்து இன்சுலின் ஒரேயடியாகக் கொட்டும் என்பதால், அன்று இரவு தண்ணீர்ப் புட்டியில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி வைப்போம். இல்லாவிட்டால் காலையில் சில எலிகள் உயிரோடு இருக்காது. நாலைந்து நாள் கழித்து, கூண்டில் பரப்பிய நெல் உமி சொதசொதவென்று நனைந்து கிடக்கும். புட்டி காலியாகியிருக்கும். வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, நீங்கள் வீட்டில் வைத்திருப்பது போன்ற குளுக்கோமீட்டரில்தான் பார்ப்போம். எண் வராது, 'ஹை' என்று காட்டும். நோய் தெரிவதற்கு முன் உங்கள் மகனும் ராத்திரியில் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்து, அடிக்கடி எழுந்து போயிருப்பான். அந்த நனைந்த கூண்டும் அதேதான்.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று. உள்ளே நடந்தது வேறு. இதைத்தான் நான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: எலிக்குக் குணமானது என்று யாராவது சொன்னால், எந்த எலி என்று கேளுங்கள். அதற்கு நோய் எப்படி வந்தது என்று கேளுங்கள்.

அந்த ஜெராக்ஸில் ஸ்ட்ரெப்டோசோடோசின் அல்லது அலாக்சான் என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். மூலிகை ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் இருக்கும். அந்த எலிக்கு வந்தது விஷத்தால் வந்த பாதிப்பு. விஷம் ஒரு நாளோடு முடிந்துவிடும். அளவு கொஞ்சம் குறைவாகப் போயிருந்தால், பிழைத்த செல்கள் தேறி, எந்த மருந்தும் இல்லாமலே எலியின் சர்க்கரை இறங்கக்கூடும். சில ஆராய்ச்சிகளில் மூலிகைச் சாற்றை விஷ ஊசிக்கு முன்பே கொடுத்திருப்பார்கள். அப்போது அந்தச் சாறு விஷத்தைத் தடுத்திருக்கலாம். சர்க்கரை நோய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உங்கள் மகனின் கணையத்தில் யாரும் விஷம் வைக்கவில்லை. அவனுடைய நோய் எதிர்ப்பு மண்டலமே பீட்டா செல்களை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது, தினமும்.

அப்படித் தன்னைத்தானே தாக்கிக்கொள்ளும் எலியும் உண்டு. ஜப்பானில் உருவான என்.ஓ.டி. என்ற வகை அது. 1980-இல் உலகத்துக்கு அறிவித்தார்கள். ஊசி எதுவும் வேண்டாம், ஏழு மாதத்துக்குள் பெண் எலிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தானாகவே சர்க்கரை நோய் வந்துவிடும். ஆண் எலிகளுக்குக் குறைவு. மனிதப் பிள்ளைகளில் ஆண், பெண் என்று அப்படிப் பெரிய வித்தியாசம் இல்லை. இன்னொன்று, இந்த எலிகளைப் படுசுத்தமாக வளர்த்தால்தான் நோய் அதிகம் வரும். கிருமிகள் புழங்கும் கூண்டில் வைத்தால் குறைந்துவிடும். கூண்டை மாற்றினாலே குறைகிற நோயை எத்தனையோ மருந்துகளும் தடுத்துக் காட்டின. மனிதர்களிடம் வந்தபோது அவற்றில் மிகப் பெரும்பாலானவை தோற்றுப் போயின.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். நிக்கோடினமைடு என்பது பி வைட்டமின் வகையைச் சேர்ந்தது. விஷ ஊசி போட்ட எலியையும் காப்பாற்றியது, என்.ஓ.டி. எலியையும் காப்பாற்றியது. விலை மலிவு, பெரிய பக்க விளைவும் இல்லை. எல்லோருக்கும் அவ்வளவு நம்பிக்கை இருந்தது. டைப் 1 நோயாளிகளின் நெருங்கிய உறவினர்களில், நோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ள 552 பேருக்கு ஐரோப்பாவை மையமாகக் கொண்ட ஒரு பெரிய ஆய்வில் ஐந்தாண்டு காலத்துக்கு இதையோ வெறும் மாத்திரையையோ கொடுத்தார்கள். 2004-இல் முடிவு வந்தது. இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் நோய் வந்திருந்தது.

அதற்காக எலி ஆராய்ச்சியே வீண் என்று நான் சொல்லவில்லை. 1994-இல் பாரிஸில் லூசியன் ஷாத்னூவின் குழு, எதிர்ப்பு அணுக்களை அடக்கும் ஒரு வகை மருந்தைக் கொடுத்து, நோய் அப்போதுதான் வெளிப்பட்ட என்.ஓ.டி. எலிகளில் அதைத் திருப்பிக் காட்டியது. அந்த வழியில் வளர்ந்த டெப்லிசுமாப் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2022 நவம்பரில். இருபத்தெட்டு ஆண்டுகள். அதுவும் குணப்படுத்துவதில்லை, நோய் வெளிப்படும் தறுவாயில் இருப்பவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு தள்ளிப் போடுகிறது. அந்த நோக்கத்துக்கான மருந்து, நோய் வெளிப்பட்டுவிட்ட உங்கள் மகனுக்குப் பொருந்தாது.

உங்களுக்கு வந்த வீடியோ ஸ்டெம் செல் (வேறு வகை செல்களாக மாறக்கூடிய மூல செல்) பற்றியது என்றால், அது மூன்றாவது வகை எலியாக இருக்கலாம். அமெரிக்காவில் டக்ளஸ் மெல்டன் என்ற விஞ்ஞானியின் பிள்ளைகள் இருவருக்கும் டைப் 1. அவருடைய ஆய்வகம் 2014-இல், ஸ்டெம் செல்லிலிருந்து மனித பீட்டா செல்களை உருவாக்கி எலிகளுக்குள் வைத்து, சர்க்கரையை இறக்கிக் காட்டியது. ஆனால் மனித செல்லை நிராகரிக்காதபடி, எதிர்ப்பு சக்தியே அற்ற எலிகள் அவை. மனிதனுக்கு அதைச் செய்தால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். அந்த வழியில் போய், 2025-இல் 12 பேருக்கு முழு அளவில் கொடுத்த முடிவுகள் வெளியாயின. ஓராண்டு முடிவில் 10 பேருக்கு இன்சுலின் தேவைப்படவில்லை. படித்தபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி மயங்கி விழும் பெரியவர்கள் அவர்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இன்று அது சிகிச்சை இல்லை. உங்கள் மகன் வாலிபனாகும்போது நிலைமை வேறாக இருக்கலாம். அதுவரை அவன் கண்ணையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றி வைப்பது இந்த நான்கு ஊசிகள்தான்.

இனி, பையனின் கேள்வி. ஆமாம், ஊசி போடுவார்கள் என்று சொல்லுங்கள். சர்க்கரை நோய் வந்த எலியைப் பல நாள் வைத்திருக்க வேண்டுமென்றால் அதற்கும் இன்சுலின் கொடுக்கிறார்கள், சில சமயம் தோலுக்கடியில் சிறிய வில்லையாகவே வைத்துவிடுவார்கள். விரல் நுனிக்குப் பதில் வால் நுனியில் குத்துவார்கள். நம் நாட்டில் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதித்தால்தான் இதைச் செய்யலாம், அதுவும் அனுமதித்த எண்ணிக்கைக்குள்தான். கடைசியில் கணையத்தைப் பார்ப்பதற்காக எலியைக் கொல்கிறார்கள். அவனாகக் கேட்டால் இதையும் மறைக்காதீர்கள். அப்புறம், அவன் இன்சுலின் புட்டியை எடுத்துக் காட்டுங்கள். அதில் போட்டிருக்கும் 'யூனிட்' என்ற அளவு முதலில் முயல்களை வைத்து வகுத்தது. மருந்தின் வீரியம் சரியாக இருக்கிறதா என்பதைப் பல பத்தாண்டுகள் முயல்களுக்கும் சுண்டெலிகளுக்கும் போட்டுப் பார்த்துத்தான் உறுதி செய்தார்கள். அந்த இன்சுலினை 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதலில் போட்டுக்கொண்டவன் லியோனார்ட் தாம்சன், பதினான்கு வயதுப் பையன்.

மருத்துவர் அளவை மாற்றிய பிறகு ஒரு வாரம், அதிகாலை மூன்று மணிக்கும் ஒரு முறை சர்க்கரை பார்த்து நோட்டில் குறித்து வையுங்கள். பொடியை நிறுத்தியதும் எண்கள் எப்படி இருக்கின்றன என்று எனக்கு மறுபடி எழுதுங்கள்.