நாட்டின் பெயரோடு 'யன்' சேர்த்தால் அந்நாட்டவரின் ஆங்கிலப் பெயர் வந்துவிடுமா?

வராது. இந்தியன், இத்தாலியன் என்று பழகிய வாய்க்கு அது விதி மாதிரித் தோன்றும், அவ்வளவுதான். அந்தந்த நாட்டோடு பழக்கம் ஏற்பட்ட வழியில் கிடைத்ததையே ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. குவைத்தி, ஓமானி, பாகிஸ்தானி எல்லாம் அரபு, பாரசீக வழக்கு. போட்ஸ்வானா நாட்டவர் ஒருவர் என்றால் மோட்ஸ்வானா, பலர் என்றால் பாட்ஸ்வானா; அந்த மக்களின் இலக்கணமே ஆங்கிலத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

செய்தி மொழிபெயர்ப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் நைஜர். நைஜருக்கும் நைஜீரியாவுக்கும் ஒரே ஆறுதான் பெயர் கொடுத்தது. நைஜீரியாக்காரர் நைஜீரியன். நைஜர்காரர், பிரெஞ்சு வழியில், நைஜீரியென். ஆங்கில எழுத்தில் 'ஏ' (a) இருக்கும் இடத்தில் 'ஈ' (e) வரும், வேறு வித்தியாசம் கிடையாது. 2023 ஜூலையில் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, அதை எதிர்த்து முன்னால் நின்ற நாடு நைஜீரியா. அந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் விட்டால் யார் படை எங்கே என்பதே மாறிப்போகும்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது ஃபிஜி. 1879 முதல் இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுபோனார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் ஆள் போனது. கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அங்கேயே பிறந்தும் ஃபிஜியன் ஆகவில்லை. அந்தச் சொல் அப்போது பூர்வகுடிகளுக்கு உரியதாக இருந்தது, இவர்கள் இந்தோ-ஃபிஜியன். 2010-இல் பூர்வகுடிகளுக்கு இ-தௌகெய் என்ற பெயர் சட்டத்தில் வந்தது. 2013 அரசியலமைப்பு, குடிமக்கள் எல்லோரும் ஃபிஜியன் என்றே அறியப்படுவர் என்று எழுதிவைத்தது. பூர்வகுடிகளில் ஒரு பகுதியினருக்கு இது பிடிக்கவில்லை. தங்கள் பெயர் கைமாறுகிறது என்ற அவர்களின் கவலை புரிகிறது. ஆனாலும் பிறந்த மண்ணின் பெயரைச் சொல்லிக்கொள்ள ஒருவருக்கு நூறாண்டுக்கு மேல் காத்திருப்பு என்பது அநியாயம்தான்.

மலேசியாவிலும் இதே கவனம் வேண்டும். மலாய் என்பது இனம், மலேசியன் என்பது குடியுரிமை. கிள்ளானிலும் பினாங்கிலும் இருக்கும் தமிழர் மலேசியன். அவரை மலாய் என்று எழுதக் கூடாது. நம்மவர்களே இதைக் குழப்புகிறார்கள்.

அப்புறம், ஆங்கிலத்தில் எழுதும்போது ஆப்கானிஸ்தான்காரரை ஆப்கானி என்று போடாதீர்கள். ஆப்கானி அந்த நாட்டுப் பணம். ஆள் என்றால் ஆப்கன்.