மருத்துவமா, மண்ணா? பட்டர்வொர்த் தாய்க்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மா,

மகள் ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். முடித்திருக்கிறாள், டாக்டராக்கியே தீர வேண்டும் என்று பெரியப்பா பிடிவாதமாக இருக்கிறார், அவளோ ஜின்செங் என்ற மூலிகைச் செடியின் வேரைச் சுற்றியுள்ள மண்ணைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் பெரியப்பா சொல்வதை நான் ஏற்கவில்லை.

முதலில் பணம். தனியார் கல்லூரியில் மருத்துவம் 5 ஆண்டு; கட்டணம் மட்டும் பல இடங்களில் 3 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும். முடித்த பிறகும் அரசு மருத்துவமனையில் நிரந்தரப் பதவி உறுதியில்லை. 2016 கடைசியில் வந்த ஒப்பந்த முறையில் எத்தனையோ இளம் டாக்டர்கள் தவித்தார்கள். விருப்பமே இல்லாத பிள்ளைக்காக இ.பி.எஃப். சேமநிதிப் பணத்தை எடுக்காதீர்கள், வீட்டை அடகு வைக்காதீர்கள். பொறியியல், கணக்கியல், சட்டம் பற்றி உறவினர்களே நிறையச் சொல்லியிருப்பார்கள், அவற்றை விடுகிறேன்.

அவள் படிப்பது வீண் பொழுதுபோக்கு அல்ல. ஜின்செங் அறுவடைக்கு வர 4 முதல் 6 ஆண்டு ஆகும். ஒருமுறை எடுத்த நிலத்தில் மறுபடி நட்டால் வேர் அழுகிப்போகும். அதனால் 10 ஆண்டுக்கும் மேல் அந்த நிலத்தை விட்டுவைப்பது வழக்கம். காரணம் ஒன்றல்ல. அழுகல் நோய்ப் பூஞ்சை தடித்த சுவருள்ள வித்துகளாக மண்ணில் பல ஆண்டு காத்திருக்கும். வேர் கசியவிடும் சப்போனின், பீனால் அமிலம் போன்ற வேதிப்பொருள்கள் மண்ணில் சேர்ந்து, எந்த நுண்ணுயிர் பெருகும், எது ஒடுங்கும் என்பதை மாற்றும். அமோனியம் உரத்தை அதிகமாகப் போட்டால் மண் புளிக்கும்; புளிப்பைக் காட்டும் அளவான பி.எச். (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கெடுக்கும்.

வளர்க்கும் விதம் மாறினால் இதெல்லாம் மாறும். சீனாவின் ஜிலின் மாநிலத்தில் காட்டு மரங்களின் அடியிலும் வளர்க்கிறார்கள், காடழித்த நிலத்திலும், நிழல்கூரை போட்ட வயலிலும் வளர்க்கிறார்கள். மரத்தடியில் இலைமக்கு உண்டு, உரமில்லை, வளர்ச்சி மெதுவாக இருக்கும். வயலில் உரமும் நெருக்கமான நடவும் சேர்ந்து, நோய் ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குச் சுலபமாகத் தாவும். கொரியாவில் நெல்வயலிலும் ஜின்செங் நடுவார்கள்; முன்பு நெல் விளைந்தபோது வயலில் தண்ணீர் தேங்கி நின்றது மண்ணிலுள்ள நோய்ப்பூஞ்சையைக் குறைக்கும்.

இதை ஆராய்பவர் செய்யும் வேலையையும் தெரிந்துகொள்ளுங்கள். செடியைத் தோண்டி, வேரை உதறுவார். உதிர்வது சாதாரண மண். வேரோடு ஒட்டியிருக்கும் 1–2 மில்லிமீட்டர் படலம்தான் வேர்மண். அதைக் கிருமி நீக்கிய தூரிகையால் தட்டி எடுத்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, ஒரு பங்கை டி.என்.ஏ.வுக்காக மைனஸ் 80 பாகையில் வைப்பார். மறுபங்கை நிழலில் உலர்த்தி, 10 கிராம் மண்ணுக்கு 25 மில்லிலிட்டர் நீர் கலந்து பி.எச். பார்ப்பார். டி.என்.ஏ. பிரிக்க அரை கிராம் மண்ணே போதும். தவறு நடப்பது பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துக்கு வருமுன்பே: மாதிரியை வெயிலில் காரில் விட்டுவிட்டால் நுண்ணுயிர்க் கணக்கே மாறிப்போகும், மண்வெட்டியைத் துடைக்காமல் அடுத்த பாத்திக்குப் போனால் இரண்டும் கலக்கும், காட்டிலுள்ள 6 வயதுச் செடியை வயலின் 2 வயதுச் செடியோடு ஒப்பிட்டால், வித்தியாசம் இடத்தாலா வயதாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜின்செங் மலேசியாவில் விளையாதே, இதைப் படித்து என்ன பயன் என்று கேட்பீர்கள். பெந்தோங் இஞ்சிக்கும் இதே தொல்லை உண்டு. அதே நிலத்தில் திரும்ப நட்டால் நோய் பிடிக்கும். செம்பனையைச் சாய்க்கும் கானோடெர்மா பூஞ்சையும் மண்ணிலிருந்துதான் வேருக்கு வருகிறது. செர்டாங்கில் விவசாய ஆய்வுக் கழகமான மார்டி, பாங்கியில் செம்பனை வாரியமான எம்.பி.ஓ.பி., கெப்போங்கில் வன ஆய்வுக் கழகமான ஃப்ரிம், தோட்ட நிறுவனங்கள், உரத் தொழிற்சாலைகள் எல்லாவற்றுக்கும் வேரையும் மண்ணையும் சேர்த்துப் படித்தவர் வேண்டும். தொடக்கச் சம்பளம் டாக்டருடையதை விடக் குறைவுதான். ஆராய்ச்சியாளராக முதுகலையும் தேவைப்படும். இதை மகளிடம் மறைக்காதீர்கள்.

அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான யு.பி.யு. விண்ணப்பத்தில் செர்டாங் யு.பி.எம். பல்கலைக்கழகத்தின் விவசாய அறிவியல் படிப்பையும், பினாங்கு யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் உயிரியல் படிப்பையும் அவளே வரிசைப்படுத்தட்டும். அரசுப் பல்கலைக்கழகத்தில் செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது, மீதிக்கு பி.டி.பி.டி.என். என்ற அரசுக் கல்விக்கடன் வாங்கினாலும் சுமக்கக்கூடிய கடனாகத்தான் இருக்கும்.

அவள் ஆர்வம் நிலைக்குமா என்ற சந்தேகம் உங்களுக்கு இருந்தால், வீட்டிலேயே சோதிக்கலாம். பத்துத் தொட்டிகள் வாங்குங்கள். ஐந்தில் புதுமண், ஐந்தில் இஞ்சி விளைந்த பழைய மண். எல்லாவற்றிலும் ஒரே எடையுள்ள இஞ்சி விதைத்துண்டு, ஒரே அளவு தண்ணீர், ஒரே நிழல். வாரம் ஒருமுறை முளையின் உயரத்தையும் மண்ணின் பி.எச்.சையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். மூன்றாவது மாதமும் அவள் நோட்டுப் புத்தகம் நிரம்பிக்கொண்டிருந்தால், அந்த நோட்டைப் பெரியப்பாவிடம் காட்டிவிட்டுப் பேசுங்கள்.