118 கிலோ எடைக்கு எந்த பைக்? ஷோரூமில் சொல்லாத கழித்தல் கணக்கு

கேள்வி: எனக்கு வயது 24, உயரம் 6 அடி, எடை 118 கிலோ. இதுவரை சொந்தமாக பைக் இல்லை. ஈரோட்டிலிருந்து பெருந்துறை சிப்காட்டுக்கு தினமும் போய் வர வேண்டும். வாரம் ஒருமுறை அம்மாவும் (65 கிலோ) பின்னால் உட்காருவார். "உங்க உடம்புக்கு புல்லட்தான் சார் சரி" என்கிறார்கள் ஷோரூமில். நண்பர்களோ ஸ்ப்ளெண்டரே போதும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: ஷோரூம்காரர் சொல்வதில் பாதி உண்மை. நண்பர்கள் சொல்வதில் அதுவும் இல்லை.

பைக் கனமாக இருப்பதால் அது உங்களைத் தாங்கிவிடாது. எவ்வளவு சுமைக்காகச் செய்த வண்டி என்பதே கேள்வி. மேனுவலின் கடைசிப் பக்கங்களில் வண்டியின் காலி எடையும், ஆளோடும் சுமையோடும் சேர்த்து அது தாங்கும் அதிகபட்ச எடையும் இருக்கும். இரண்டையும் கழித்துப் பாருங்கள். 100 சிசி வண்டிகள் பலவற்றில் மிஞ்சுவது சுமார் 130 கிலோதான். ஹெல்மெட், ஷூ, சாப்பாட்டுப் பையோடு நீங்கள் மட்டுமே 123 கிலோ. அம்மாவும் ஏறினால் 188. விளம்பரத் தாளில் கலர் பெயர்களுக்கு அரைப் பக்கம் ஒதுக்குகிறவர்கள் இந்த எண்ணை அச்சிட மாட்டார்கள். மேனுவலோ பணம் கட்டிய பிறகுதான் கைக்கு வரும். கம்பெனி இணையதளத்தில் தேடி முன்பே இறக்கிக்கொள்ளுங்கள்.

"ஸ்ப்ளெண்டர்ல மூணு பேரே போறாங்களே" என்பார்கள். போகிறார்கள், வண்டியும் உடனே உடைவதில்லை. ஆனால் பள்ளத்தில் பின் ஷாக் அப்சார்பர் (ஷாக்) அடிவரை போய் முட்டும், ஸ்போக் தளரும், பிரேக் லைனிங் சீக்கிரம் தேயும். மேம்பாலத்தில் ஹாஃப் கிளட்ச் பிடித்தே ஏறி ஏறி கிளட்ச் பிளேட் கருகும். டயரின் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்: ஸ்ப்ளெண்டரின் பின் டயரில் 80/100-18 என்ற அளவை அடுத்து 54 என்று இருக்கும். அந்த டயர் 212 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு அது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பின் டயரில் 62 இருக்கும். அதற்கு 265 கிலோ.

ஆகவே உங்களுக்கு 350 சிசி வகை. கிளாசிக் 350-இன் எடை 195 கிலோ, சீட் உயரம் 805 மி.மீ. 6 அடி உயரத்துக்கு இரண்டு பாதமும் தரையில் பதியும். புதிதாக ஓட்டுகிறவர் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் வண்டி நிறுத்துமிடத்தில் உருட்டும்போதும் யூ டர்ன் போடும்போதும்தான் என்பதால், இதுதான் முக்கியம். அதே கம்பெனியின் ஹன்டர் 350 வண்டி 181 கிலோதான், ஆனால் நீளக் கால்களுக்கு முட்டி மடங்கி இடிக்கும். எதை எடுத்தாலும் அந்தக் கழித்தலைப் போடுங்கள். 350 என்பதாலேயே 188 தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்து ஒரு பொறி. "கேஸ் ஷாக் மாத்திடலாம், எவ்வளவு வெயிட்னாலும் தாங்கும்" என்று மெக்கானிக் கடையில் ஆரம்பிப்பார்கள். கேஸ் எடையைத் தாங்காது. உள்ளே இருக்கும் ஆயில் நுரைக்காமல் பார்ப்பது மட்டுமே அதன் வேலை. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் அடுக்குவது அதைவிட மோசம்.

செலவில்லாத வழி இருக்கிறது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின் சக்கரம் தரையில் படாதபடி நிறுத்துங்கள். ஆக்ஸில் நட்டிலிருந்து நேர் மேலே மட்கார்டில் டேப் ஒட்டி, அதுவரை உள்ள உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்து, ஹெல்மெட்டோடு ஏறி உட்காருங்கள். நண்பரை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். கிளாசிக் 350-இல் பின் ஷாக் இறங்கும் தூரம் மொத்தம் 90 மி.மீ.; நீங்கள் உட்கார்ந்ததும் அதில் மூன்றில் ஒரு பங்கு, 30 மி.மீ. இறங்கினால் சரி. 40-ஐத் தாண்டினால் சி வடிவ ஸ்பேனரால் ஷாக்கை ஒரு படி இறுக்குங்கள். மொத்தம் 6 படி. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கட்டும். ஒன்று 3, ஒன்று 4 என்றால் வளைவில் வண்டி விநோதமாக இழுக்கும்.

இதற்கு ஒரு விலக்கு: நடுவில் ஒற்றை ஷாக் உள்ள வண்டிகள். சிலவற்றில் இதே போலப் படிகள் உண்டு, சிலவற்றில் இரண்டு வளையங்களை எதிரெதிராகத் திருப்ப வேண்டும், சிலவற்றில் திருப்ப எதுவுமே கிடையாது. கடைசி வகை உங்களுக்கு ஆகாது, எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. வளையம் உள்ள வகையில் டெலிவரி அன்றே சர்வீஸ் சென்டரிலேயே உங்களை உட்காரவைத்து செட் செய்யச் சொல்லுங்கள். "முதல் சர்வீஸ்ல பாத்துக்கலாம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வளையத்தை உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டுகிறவரிடம் வண்டியை விடவே விடாதீர்கள். மரை நசுங்கினால் ஷாக்கையே மாற்ற வேண்டியதுதான்.

ஷாக் செட் ஆனதும் ஹெட்லைட்டைப் பாருங்கள். பின்பக்கம் இறங்கினால் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். காற்று அளவு ஸ்டிக்கரில் தனியாளுக்கு, இருவருக்கு என இரண்டு எண் இருந்தால், தனியாகப் போகும்போதும் பின் டயருக்கு இருவருக்கான எண்ணையே பிடியுங்கள்.

இனி பில். "ஹேண்ட்லிங் சார்ஜ்" என்றால் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அப்போதே காணாமல் போகும். "ஆர்.டி.ஓ. செலவு" என்று மொத்தமாக ஒரு தொகை இருந்தால் பிரித்துக் கேளுங்கள். பதிவுக் கட்டணம் 300 ரூபாய்தான், மற்றதில் பெரும் பங்கு சாலை வரி. அதற்கு அரசு ரசீது உண்டு. இன்சூரன்ஸை அவர்களிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புது வண்டியோடு ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் தருவது விதி. ஆனால் மீடியம் சைஸை நீட்டுவார்கள், தலையில் மாட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

லைசென்ஸ் இன்னும் எடுக்கவில்லை என்றால், கியர் வண்டியிலேயே 8 போடுங்கள். ஸ்கூட்டரில் சுலபமாக முடித்துத் தருகிறேன் என்னும் புரோக்கர் வாங்கித் தருவது கியர் இல்லாத வண்டிக்கான உரிமம். அதை வைத்துக்கொண்டு 350-ஐ ஓட்டினால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பதே அதைத்தான்.