வாரம் நாலைந்து மருவுக்குத் திரவ நைட்ரஜன் தேவையா?

வணக்கம் டாக்டர். சிங்கப்பூர் செங்காங்கில் வீவக (அரசு வீடமைப்பு) புளோக்கின் கீழே சின்ன கிளினிக், வாரத்துக்கு நாலைந்து மரு நோயாளிகள், மருவை உறையவைத்து அகற்றத் திரவ நைட்ரஜனா, நைட்ரஸ் ஆக்சைடு பேனாவா (பேனா போன்ற கைக்கருவி) என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கணக்குக்குப் பேனாவே போதும். நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி, வேகமாக, ஆழமாக உறையவைக்கும். ஆனால் தொடாமல் வைத்தாலும் குடுவையிலிருந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். பேனாவில் உள்ள நைட்ரஸ் ஆக்சைடு மைனஸ் 89தான், அவ்வளவு ஆழமாக உறையவைக்காது. அதனால் கெட்டியான பாத மரு என்றால் மேல்தோலைச் சீவிவிட்டுச் செய்யுங்கள், சில வாரம் கழித்துத் திரும்பவும் செய்ய வேண்டியிருக்கும். இரண்டுக்குமே அறையில் நல்ல காற்றோட்டம் வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை நம் மக்களின் தோல் நிறம்தான். நிறமிச் செல்கள் மைனஸ் 5 டிகிரி வாக்கிலேயே செத்துவிடும், அதனால் எந்த முறையிலும் வெள்ளைத் திட்டு வரலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், முகத்தில் கொஞ்ச நேரமே வையுங்கள். அப்புறம், சந்தேகமான கரும்புள்ளியை உறையவைக்கவே வேண்டாம். தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.