விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவருக்கு எங்கிருந்து தொடங்கிக் கொடுப்பது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலை எஸ்டேட் லயனில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருக்கும் அக்கா ஒருவர் ஆறு மாதமாக எங்கள் சபைக்கு வருகிறார். இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஆரம்பத்தில் ஆசையாக வேதம் வாசித்தார், இப்போது நின்றுவிட்டது. ஞாயிறு ஆராதனைக்கும் விட்டு விட்டுத்தான் வருகிறார். வீட்டுக்காரருக்கு இதில் விருப்பமில்லை. அவரைக் கவனித்துக்கொள்ளும்படி போதகர் என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் எதிலிருந்து தொடங்குவது?

பதில்: வாசிப்பு எந்த இடத்தில் நின்றது என்று முதலில் கேளுங்கள். ஆதியாகமத்திலிருந்து வரிசையாகப் படித்தவர் என்றால், யாத்திராகமம் 25-ஆம் அதிகாரத்தை ஒட்டி நின்றிருக்க வாய்ப்பு அதிகம். இஸ்ரவேலர் தேவனை ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்துக்குப் பலகை எத்தனை, திரை எத்தனை முழம் என்ற கணக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதைத் தாண்டினால் லேவியராகமத்துப் பலிமுறைகள். தனக்கு விசுவாசம் போதவில்லை என்று நினைத்து அவர் மனம் விட்டிருக்கலாம். அப்படி இல்லை என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பிறகு மாற்கு சுவிசேஷத்தைக் கையில் கொடுங்கள். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சின்னது, 16 அதிகாரம். நாளுக்கு அரை அதிகாரம் என்றால் 32 நாளில் முடிந்துவிடும். பகலெல்லாம் கொழுந்து பறித்து, எடை போட்டு, வீடு வந்து அடுப்பு மூட்டுகிறவரிடம் பத்து நிமிடத்துக்கு மேல் கேட்பது நியாயமில்லை. முழு வேதாகமத்தின் பொடி எழுத்தோடு ராத்திரியில் மல்லுக்கட்டவும் வேண்டாம், பெரிய எழுத்தில் சுவிசேஷம் மட்டும் தனிப் புத்தகமாகக் கிடைத்தால் நல்லது. எழுத்துக்கூட்டிப் படிப்பவரானால் செல்போனில் ஒலி வேதாகமத்தைப் பதிவிறக்கிக் கொடுத்துவிடுங்கள்.

சபையிலேயே வளர்ந்தவர்கள் மறந்துபோகும் ஒன்று உண்டு. இரட்சிப்பு, கிருபை, மனந்திரும்புதல், ஸ்தோத்திரம் எல்லாம் நமக்கு வீட்டுச் சொற்கள், அவருக்குப் புதிய பாஷை. கேட்க வெட்கப்பட்டுப் பேசாமல் இருப்பார். வாரம் இரண்டு சொல் எடுத்து விளக்குங்கள். கிருபை என்றால் தகுதி பார்க்காமல் கிடைக்கும் தயவு. மனந்திரும்புதல் என்றால் போய்க்கொண்டிருந்த வழியை விட்டுத் தேவனிடம் திரும்புவது. 1995-இல் இக்காலத் தமிழில் வந்த வேதாகம மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பொருள் சட்டென்று பிடிபடும். நாம் தேவன் என்பதை அதில் கடவுள் என்று போட்டிருப்பார்கள், அதை முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், மாறாத நேரமாக அவரோடு உட்காருங்கள். இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பத்துக் கூட்டங்களுக்கு அழைத்துப் போவதைவிட இந்த ஒரு மணி நேரம் அதிகம் செய்யும். நீங்கள் ஆண் என்றால், பேசுவதைச் சபையின் மூத்த அக்கா ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது? மாற்கு 2:1–12 எடுத்துக்கொள்ளுங்கள், திமிர்வாதக்காரனை, அதாவது கைகால் செயலிழந்தவனை, நான்கு பேர் சுமந்து வந்த இடம். ஒருமுறை நீங்கள் வாசியுங்கள், ஒருமுறை அவர். கூரையைப் பிரித்தார்கள் என்றதும் லயனில் இருப்பவருக்குத் தகர ஷீட்தான் கண்முன் வரும். அந்த நாட்டில் மரக்கட்டைமேல் கிளைகளைப் பரப்பி மண் பூசிய தட்டைக் கூரை, தோண்டித் திறந்து மறுபடி பூசிவிடலாம் என்று சொன்னால் காட்சி தெளிவாகிவிடும். பிறகு மூன்றே கேள்வி. இயேசு இங்கே என்ன சொன்னார், என்ன செய்தார்? இந்தக் கூட்டத்தில் நீங்கள் யார் மாதிரி இருக்கிறீர்கள்? இதை வைத்து இந்த வாரம் என்ன ஜெபிக்கலாம்? கேட்டுவிட்டுக் காத்திருங்கள். உடனே பதில் வராது, விளக்கம் சொல்ல உங்கள் நாக்கு துடிக்கும். அரை நிமிடம் பொறுங்கள். "அந்த நாலு பேர் மாதிரி எனக்கு யாருமில்லை" என்று அவர் சொன்னால், அன்றைய மீதி நேரம் முழுவதையும் அதற்கே கொடுங்கள்.

ஜெபத்துக்குப் பரமண்டல ஜெபம் போதும். மத்தேயு 6:9–13, ஐந்து வசனம், நாளுக்கு ஒன்று. எல்லோரும் சத்தமாக ஜெபிக்கும் கூட்டத்தில் அவரை எழுப்பி ஜெபிக்கச் சொல்லாதீர்கள். மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைப்பதும் வேண்டாம். லயனில் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குப் போக ஒரு மணி நேரம் ஆகாது, அதற்கு அவர் வீட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். காணிக்கை, தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) பற்றி இப்போது பேச்சே எடுக்காதீர்கள். உபவாசம் பற்றியும் வேண்டாம். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவரானால், ஜெபித்துவிட்டோம் என்று அதை நிறுத்த யாரும் சொல்லிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் விஷயத்தில் 1 கொரிந்தியர் 7:12–14 தெளிவாக இருக்கிறது: விசுவாசியாத கணவன் சேர்ந்து வாழச் சம்மதித்தால், மனைவி அவரை விட்டுப் பிரியக் கூடாது. ஆகவே இராக்கூட்டங்களுக்குக் கூப்பிடாதீர்கள், அவர் வீடு திரும்பும் நேரத்துக்குள் அக்கா வீட்டில் இருக்கட்டும். மாரியம்மன் திருவிழா வரும்போது பிரசாதத்தை என்ன செய்வது என்று கேட்பார். ரோமர் 14, 1 கொரிந்தியர் 8, 10 மூன்றையும் சேர்ந்து வாசித்து, முடிவை அவர் மனசாட்சிக்கே விடுங்கள். பந்தியில் உட்கார்ந்த சொந்தக்காரர்கள் முன்னால் முகம் சுளிக்க மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

ஞானஸ்நானத்துக்கு அவராகக் கேட்கும்வரை காத்திருங்கள். அதற்கு முன் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார், பிள்ளைகளின் சலுகைகளையும் அது தொடலாம். பழங்குடியினருக்கு இந்த மத நிபந்தனை இல்லை. தெரிந்து எடுக்கிற முடிவுதான் நிலைக்கும், பின்னால் தெரியவந்தால் உங்கள்மேலுள்ள நம்பிக்கை போய்விடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை பிடித்துக்கொண்டால் மண் சரிந்து பஸ் நிற்கும். கொழுந்து மண்டும் வாரங்களில் ஞாயிறும் வேலைக்குக் கூப்பிடலாம். வராத ஞாயிறுக்கு அடுத்த நாள் சாயங்காலம் லயனுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். "ஏன் வரவில்லை" என்று கேட்காமல், அந்த ஞாயிறு வாசித்த பகுதியை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.